கடைசியாக ஏறியவர்

ஸ்கைரிம் விளையாடியவர்களுக்கு லிடியாவைத் தெரியாமல் இருக்காது. வைட்ரன் நகரத்தின் தலைவர் நமக்குப் பட்டம் கொடுத்து, துணைக்கு என்று அனுப்பி வைக்கும் வீராங்கனை. பெதெஸ்டா இந்த விளையாட்டை வெளியிட்டது 2011 நவம்பர் 11-இல். அந்தக் காலத்து முகம் என்பதால் லிடியாவைத் திருத்தி அழகாக்கும் மாட்கள் ஏராளமாக உண்டு. அதில் ஒன்றைப் போடுகிறோம். முகம் நன்றாக வந்துவிட்டது. அடுத்து, துணைவர்களின் கவசத்தையும் சண்டைத் திறனையும் கூட்டும் இன்னொரு மாட் போடுகிறோம். தனியாகப் பார்த்தால் அதிலும் குறை இல்லை. இரண்டையும் வைத்து ஆட்டத்தைத் திறந்தால் லிடியாவுக்குக் கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே சாம்பல். சுடுகாட்டிலிருந்து எழுந்து வந்த மாதிரி நம் பின்னால் நடந்து வருகிறாள்.

கவச மாட் எழுதியவர் முகத்தை மாற்ற நினைக்கவே இல்லை. அவருக்கு முகத்தில் அக்கறையும் கிடையாது. அப்புறம் எப்படி முகம் கெட்டது? பதில் ஒரு கணினி விவரம்தான். ஆனால் ஒரே படைப்பில் பல கைகள் வேலை செய்யும் எல்லா இடங்களுக்கும் அது பொருந்துகிறது. உரை எழுதுவது, பதிப்பிப்பது, மொழிபெயர்ப்பது, ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பது எல்லாவற்றுக்கும். இலக்கியம் படிக்கிறவர்கள் லோட் ஆர்டர் பற்றி ஒருமுறையாவது யோசிக்கணும் என்று சொல்வது அதனால்தான்.

‘மாட்’ என்றால் ஓய்வுநேரச் சில்லறை வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. நிக் பியர்ஸ் என்கிற ஆஸ்திரேலியர் 2015-இல் ஸ்கைரிமுக்காக எழுதிய ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ ஒரு மாட்தான். ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருது அதற்குக் கிடைத்தது. 2021-இல் அதுவே தனி விளையாட்டாக வெளிவந்தது. ஆக, இந்த வேலையை எழுத்து என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எழுத்து என்றால் அதற்குப் பதிப்புப் பிரச்சினையும் உண்டு.

இனி விவரம். இந்த விளையாட்டின் உலகம் பதிவுகளால் ஆனது. ஒரு வாள் ஒரு பதிவு. ஓர் ஊர்க்காரர் ஒரு பதிவு. லிடியாவின் பதிவைத் திறந்தால் உள்ளே பெயர், உடை, திறன், உடல் எடை, முகத்தின் பாகங்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாட் எழுதுகிறவர் அதில் ஒரே ஒரு கட்டத்தை மாற்ற நினைத்தாலும், அவருடைய கோப்பில் அந்தப் பதிவு முழுவதும் நகலாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் தொடாத கட்டங்களில் மூல விளையாட்டின் பழைய மதிப்புகள் அப்படியே இருக்கும். ஆட்டம் தொடங்கும்போது கோப்புகள் வரிசையாக ஏறுகின்றன. முதலில் மூல விளையாட்டு, அதன்மேல் மாட்கள் ஒவ்வொன்றாக. இந்த வரிசைக்குத்தான் லோட் ஆர்டர் என்று பெயர். ஒரே பதிவை இரண்டு கோப்புகள் கொண்டுவந்தால் கடைசியாக ஏறியதே செல்லும். இதில் இது, அதில் அது என்று கட்டம் கட்டமாகப் பார்த்துக் கலக்கும் பழக்கம் இந்த இயந்திரத்துக்குக் கிடையாது.

லிடியாவின் சாம்பல் முகத்துக்கு இன்னொரு படியும் உண்டு. பதிவுகளுக்கு ஒரு வரிசை இருப்பது போல, படம், உருவம், ஒலி மாதிரியான கோப்புகளுக்கு வேறொரு வரிசை இருக்கிறது. மாட் ஆர்கனைசர் 2 என்கிற மென்பொருளைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு பட்டியல், வலப்பக்கம் ஒரு பட்டியல் தெரியும். இடப்பக்கம் கோப்புகளின் முன்னுரிமை. வலப்பக்கம் பதிவுகளின் ஏறுவரிசை. புதிதாக வருகிறவர்கள் பலர் இரண்டும் ஒன்று என்று நினைத்துக் குழம்புவது இங்கேதான். லிடியாவின் முகத்தின் வடிவம் தனிக் கோப்பாக இருக்கிறது. முக மாட் அதைக் கொண்டுவந்துவிட்டது, அதோடு போட்டி போட யாரும் இல்லை. ஆனால் அந்த முகத்துக்கு என்ன பாகங்கள், என்ன தோல் என்று சொல்லும் பதிவில் ஜெயித்தது கவச மாட். அதில் இருப்பது பழைய லிடியா. முகம் ஒருவர் செய்தது, பதிவு இன்னொருவர் கொண்டுவந்தது. இரண்டும் ஒட்டாததால் விளையாட்டு நமக்கு ஒரு சாம்பல் பூசிய தலையைக் காட்டுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கடைசியாக ஏறியவர் தான் மாற்ற விரும்பியதில் மட்டும் ஜெயிப்பதில்லை. தான் மாற்றாததிலும் ஜெயித்துவிடுகிறார். அவருக்கு அக்கறையே இல்லாத ஒரு கட்டத்தில், அவருக்கு முன்னால் வந்த ஒருவர் மாதக்கணக்கில் உழைத்திருக்கலாம். அந்த உழைப்பு காணாமல் போகிறது. அழித்தவருக்கு அழித்தது தெரியாது. கேட்டால், “நான் கவசத்தை மட்டும்தானே மாத்தினேன்” என்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை.

மோரோவிண்ட், ஓப்லிவியன் மாதிரியான பழைய விளையாட்டுகளில் இந்த வரிசை இன்னும் வேடிக்கையாக இருந்தது. கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதிதான் அதன் இடம். அண்மைத் தேதி உள்ளது பின்னால் ஏறும். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, பெரிதாக எதுவும் செய்யாமல் மறுபடி சேமித்தாலே போதும், தேதி புதிதாகிவிடும், அது கடைசிக்குப் போய்விடும், முன்னால் இருந்த பலவற்றைத் தோற்கடித்துவிடும். நேற்று அச்சான மறுபதிப்பே உண்மையான பிரதி என்று நம்பும் வாசகர்களை எனக்குத் தெரியும். அவர்களும் இதே முறையில்தான் ஏற்றிக்கொள்கிறார்கள்.

*

இந்த விதி மொழியை என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகும். ஸ்கைரிம் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் போன்ற சில மொழிகளில் வந்தது. தமிழ் அதில் இல்லை. பிரெஞ்சில் விளையாடுகிற ஒருவர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு மாட் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாள்களின் எடையைக் கொஞ்சம் குறைக்கும் மாட், வேறொன்றும் இல்லை. ஆட்டத்தைத் திறந்தால் எடை குறைந்திருக்கும். கூடவே வாள்களின் பெயர்கள் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கும். காரணம் மேலே சொன்னதுதான். வாளின் பதிவு முழுதாக வந்தது, அதற்குள் பெயர் என்கிற கட்டமும் வந்தது, அந்தப் பெயர் மாட் எழுதியவரின் மொழியில் இருந்தது. பிரெஞ்சு மொழியை யாரும் தாக்கவில்லை. அதன்மேல் யாருக்கும் வெறுப்பும் இல்லை. எடை குறைப்பதற்காக வந்த ஒருவர், தன் மொழியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இப்படி 100 மாட் போட்டால் ஆட்டம் இரண்டு மொழிக் கலவையாகிவிடும். பிரெஞ்சு ஆட்டக்காரர்களும் ஜெர்மன் ஆட்டக்காரர்களும் ஒவ்வொரு மாட்டுக்கும் உட்கார்ந்து மொழிபெயர்ப்புக் கோப்பு எழுதி, அதை அதற்கும் பின்னால் ஏற்றுகிறார்கள். மொழியைக் காப்பாற்றுகிறவர்கள் எப்போதும் வரிசையின் கடைசிக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள பிரெஞ்சு உதாரணம்கூடத் தேவை இல்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் போதும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இடம், பிறகு ரயில்வேக்காரர்களின் இடம் ஆனது. பிரிக்பீல்ட்ஸ் ரோடு ஒருநாள் ஜாலான் துன் சம்பந்தன் ஆனது. ரயில் பெட்டிகள் நின்ற யார்டில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்தது. 2010 அக்டோபர் 27-இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் வந்து ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்து வைத்தார்கள். இன்றைக்கு அந்தப் பதிவில் கடைசியாக ஏறியது அது.

லிட்டில் இந்தியா வந்ததில் தவறு இல்லை. கடைகளுக்கு ஆட்கள் வந்தார்கள், தீபாவளிக்கு முன்னால் நடக்க இடமில்லாத கூட்டம். ஆனால் அந்தப் பெயர் தனியாக வரவில்லை, பதிவு முழுவதையும் ‘இந்தியா’ என்று நிரப்பிக்கொண்டு வந்தது. ரயில்வே வேலைக்கும் எழுத்தர் வேலைக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸின் பழைய கட்டங்களில் இருந்தவர்கள். ஸ்காட் சாலையில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயில் இலங்கைச் சைவர்களுடையது. 1894-இல் சிங்களவர்கள் தொடங்கிய பௌத்த மகா விகாரை இன்னும் அங்கே இருக்கிறது. பார்வையற்றோர் சங்கத்தின் வளாகமும் இருக்கிறது, மாலையில் வெள்ளைக் கோல்களின் சத்தம் கேட்கும் தெருக்கள் அவை. இவை எதையும் லிட்டில் இந்தியா இடிக்கவில்லை. ஆனால் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர் திரையில் பார்ப்பது கடைசியாக ஏறிய பெயரை. யாழ்ப்பாணத்தார் கோயில்கூட ‘இந்தியக் கோயில்’ என்று அவர் கைப்பேசியில் பதிவாகும். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவுக்கும் இதே பெயர்தான். பிரிக்பீல்ட்ஸ் வேறு, கிள்ளான் வேறு என்று நமக்குத் தெரியும். பெயர்ப்பலகைக்கு அது தெரியாது.

*

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். திருக்குறளைவிடப் பெரிய லோட் ஆர்டர் கதை தமிழில் இல்லை.

குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பார்கள். அதில் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. காலத்தால் கடைசியானவர் பரிமேலழகர் என்பது மரபு. மணக்குடவர் உரையையும் பரிமேலழகர் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொருள் வேறுபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசையே வேறு. சில இடங்களில் சொல்லும் வேறு, அதாவது பாடபேதம். இன்றைக்கு நாம் ஒரு குறளுக்கு எண் சொல்கிறோமே, அந்த எண் பரிமேலழகர் வரிசையின் எண். இங்கே தமிழ்ப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனனப் போட்டியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிக்கும் வரிசையும் அவருடையதே.

பரிமேலழகரைத் தமிழ் உலகம் எதற்காக ஏற்றுக்கொண்டது? அவருடைய உரையின் நுட்பத்துக்காக. இலக்கணக் கட்டுக்கோப்புக்காக. யாரும் “எங்களுக்கு உங்கள் வரிசைதான் வேண்டும்” என்று கேட்டுப் போகவில்லை. உரைக்காக எடுத்தார்கள், கூடவே வரிசையும் பாடமும் வந்துவிட்டன. பதிவு முழுதாகத்தான் வரும்.

கதை அத்தோடு முடியவில்லை. பரிமேலழகர் தன் வரிசைக்குக் காரணம் சொல்கிறவர். அதிகாரத் தொடக்கங்களில், இது ஏன் முந்தியதற்குப் பின் வந்தது என்று ஒரு தொடர்ச்சியைக் கட்டிக் காட்டுவார். அவர் உரையைப் படித்தால்தான் அந்த வரிசைக்கு அர்த்தம். பிறகு இருபதாம் நூற்றாண்டு வந்தது. அவருடைய வைதீகச் சாய்வு பலருக்குப் பிடிக்கவில்லை, அதற்கு நியாயமும் உண்டு. புதிய உரைகள் வந்தன. மு. வரதராசனாரின் தெளிவுரை வீட்டுக்கு வீடு போனது. பொருள் புதிதாயிற்று. வரிசை? அது பரிமேலழகருடையதாகவே இருந்துவிட்டது. அவருடைய விளக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த விளக்கம் தாங்கி நின்ற வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். லிடியாவின் முகத்துக்கு ஏற்பட்டதும் இதுவே. உருவம் ஒருவர் கொடுத்தது, பதிவு இன்னொருவர் கொடுத்தது. ‘இந்தக் குறளுக்குப் பிறகு ஏன் அந்தக் குறள் வருகிறது’ என்று ஒரு மாணவர் கேட்டால் கையில் இருக்கும் கைப்பதிப்பில் பதில் இருக்காது. வரிசையைப் பற்றிக் கேட்கத் தோன்றாத அளவுக்கு அது இயற்கையாகிவிட்டது. ஆதியிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

பரிமேலழகரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. யாராவது ஒருவர் கடைசியாக ஏறித்தான் ஆகணும். ஒரு வரிசையும் ஜெயிக்காவிட்டால் புத்தகம் அச்சாகாது, ஆட்டம் தொடங்காது. பிரச்சினை ஜெயித்ததில் இல்லை, எதையெல்லாம் ஜெயித்தோம் என்று பார்க்காமல் விட்டதில் இருக்கிறது.

*

மாட் உலகம் இதற்கு என்ன செய்தது? அங்கே இரண்டு வகையான பதில்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு.

முதல் பதில் வரிசைப்படுத்துவது. லூட் என்றொரு கருவி இருக்கிறது. ஆயிரக்கணக்கான மாட்கள் பற்றிப் பலர் சேர்ந்து எழுதி வைத்த குறிப்புகளையும், கோப்புகளுக்குள் உள்ள தகவலையும் வைத்து, எது முன்னால், எது பின்னால் என்று ஒரு நொடியில் அடுக்கிக் கொடுக்கும். பயனுள்ள வேலை. ஒரு மாட் இன்னொன்றைச் சார்ந்திருந்தால் சார்ந்தது பின்னால்தான் வரணும். இதை மனிதர் கையால் சரிபார்ப்பது வீண். ஆனால் லூட் அடுக்கிவிட்டது என்பதாலேயே மோதல் தீர்ந்துவிடாது. ஒருவர் ஜெயிப்பார், மற்றவர் தோற்பார், அவ்வளவுதான். எந்த லிடியா எனக்கு வேண்டும் என்று லூட்டுக்குத் தெரியாது. லிடியாவின் முகமும் வேணும், கவசமும் வேணும் என்றால் எந்த வரிசையும் உதவாது. முன்னால் வைத்தாலும் ஒன்று போகும், பின்னால் வைத்தாலும் ஒன்று போகும்.

இரண்டாவது பதில் பேட்ச். எக்ஸ்எடிட் என்கிற கருவியைத் திறந்து லிடியாவின் பதிவுக்குப் போனால், மூல விளையாட்டு ஒரு பத்தி, முக மாட் ஒரு பத்தி, கவச மாட் ஒரு பத்தி என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் நிறம் மாறியிருக்கும். பேட்ச் எழுதுகிறவர் புதிதாக ஒரு கோப்பைத் தொடங்கி, முகத்தின் கட்டங்களை இவரிடமிருந்து, கவசத்தின் கட்டங்களை அவரிடமிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போடுவார். அந்தக் கோப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏறும். அதில் அவருடைய சொந்தச் சரக்கு ஒன்றுகூட இருக்காது. கடைசி இடத்தின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, அதைத் தனக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்காகச் செலவழிக்கிறார்.

இதற்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது: பதிப்பாசிரியர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஏடுகளைத் தேடித் தேடி ஒப்பிட்டார். அவருடைய பதிப்புகளில் அடிக்குறிப்பாக வரும் பாடபேதங்கள் எக்ஸ்எடிட்டின் பத்திகள்தான். நான் இதைத் தேர்ந்தேன், தோற்றது இது, நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற நேர்மை அதில் இருக்கிறது. குறளுக்கும் அப்படி ஒரு வேலை நடந்தது. கி.வா.ஜகந்நாதனின் திருக்குறள் ஆராய்ச்சிப் பதிப்பு 1963-இல் வந்தது. அது பெரும் உழைப்பு. நம் அலமாரிகளில் அதைப் பார்ப்பது அரிது, கைப்பதிப்புகள்தான் நிறைய. லூட் மாதிரி சுலபமாக வேலை முடித்துத் தருபவற்றுக்குத்தான் எங்கும் கிராக்கி.

பேட்ச் எழுதுகிறவர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாகுபாடும் நமக்கு உதவும். சில கட்டங்களைக் கூட்டலாம், சிலவற்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வணிகர் விற்கும் பொருட்களின் பட்டியலில் இரண்டு மாட்கள் ஆளுக்கு ஐந்து வாள் சேர்த்திருந்தால் பத்தையும் வைத்துக்கொள்ளலாம். ரை பேஷ் என்கிற கருவி இந்தப் பட்டியல்களைத் தானாகவே இணைத்துக் கொடுக்கும். ஆனால் லிடியாவுக்கு இரண்டு மூக்கு வைக்க முடியாது. அங்கே ஒருவர் உட்கார்ந்து முடிவு எடுக்கணும். ஒரு தொகுப்பில் யார் யாரைச் சேர்ப்பது என்று நாம் ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறோம். பெரும்பாலும் அது கூட்டக்கூடிய கட்டம், இன்னும் 20 பக்கம் போட்டால் தீர்ந்தது. ஒரு கதையின் எந்த வடிவத்தை அச்சிடுவது என்பது கூட்ட முடியாத கட்டம். அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

*

ஒரு மறுப்பையும் கேட்டுவிட வேண்டும். வரிசை தவறு என்று தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதானே? மாட் போடுகிறவர்களுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. ஆட்டத்தை ஐம்பது மணி நேரம் விளையாடிய பிறகு, பிடிக்கவில்லை என்று ஒரு மாட்டைப் பிடுங்கினால், அதன் ஸ்கிரிப்ட்களின் மிச்சம் நம் சேவ் கோப்புக்குள் தங்கியிருக்கும். தேடிக்கொண்டிருக்கும், கிடைக்காது. சில நேரம் ஒன்றும் ஆகாது, சில நேரம் பல மணி நேரம் கழித்து ஆட்டம் உடையும். அதனால்தான் நடு ஆட்டத்தில் பிடுங்காதே என்பது பாலபாடம்.

மொழியைச் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்கள் இதைப் படிக்கலாம். கித்தா என்பது மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. மங்கும் அப்படித்தான். பால்மரம் வெட்டியவர்களின் வாயில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்த சொற்கள். ஒரு தோட்டத்துக் கதையை மறுபதிப்பு செய்கிற அன்பர், கித்தா என்று இருந்த இடத்தில் எல்லாம் ‘இரப்பர்’ என்று திருத்தி, மங்கை ‘கிண்ணம்’ ஆக்கினால், அவர் ஒரு மாட்டைப் பிடுங்கியதாக நினைப்பார். ஆனால் அந்தச் சொற்கள் மேலே போட்ட மாட் இல்லை, சேவ் கோப்புக்குள் ஊறிப் போனவை. அந்தக் கதையில் பேசும் கிழவி விடியலில் மங்கு கவிழ்க்கப் போகிறாள், கிண்ணம் கவிழ்க்கப் போகவில்லை. சொல்லைப் பிடுங்கினால் அவள் நடை, அவள் கோபம், அவள் காலை நேரம் எல்லாம் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இந்தத் திருத்தம் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் நடப்பதில்லை. எழுத்துப்பிழை பார்க்க வந்தவர் கூடவே தன் தமிழையும் கொண்டுவந்திருப்பார், வாளின் எடை குறைக்க வந்தவர் போல. சந்திப்பிழை திருத்தப் போனவர் ‘பசியாறினார்’ என்பதைக் ‘காலை உணவு உண்டார்’ என்று ஆக்கிவிட்டுப் போவார். அவர் கேட்டால் “ஒற்று மட்டும்தான் பார்த்தேன்” என்பார்.

இங்கேதான் விளையாட்டுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு கசக்கிறது. மாட் ஆர்கனைசரில் தோற்ற கோப்பு அழிவதில்லை. ஒவ்வொரு மாட்டும் தன் தன் உறையில் பத்திரமாக இருக்கும். ஆட்டம் ஓடும்போது மட்டும் அடுக்கிக் காட்டப்படும். வரிசையை மாற்றினால் நேற்றுத் தோற்றவர் இன்று ஜெயிப்பார். இந்த மென்பொருள்கள் வருவதற்கு முன்னால் எல்லோரும் செய்தது வேறு. மாட்டைப் பிரித்து நேராக விளையாட்டின் ஃபோல்டருக்குள் கொட்டுவார்கள். ஒரே பெயரில் கோப்பு இருந்தால் “மேலே எழுதட்டுமா” என்று கேட்கும், ஆமாம் என்று அழுத்துவார்கள். பழையது போனது போனதுதான்.

நம் பதிப்புப் பழக்கம் இன்னும் அந்த ஃபோல்டரில் கொட்டும் காலத்தில் இருக்கிறது. மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்தது பத்திரிகைகளின் ஞாயிறு பதிப்புகளில். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அப்படி வந்த கதைகளில் எத்தனையோ, பின்னால் தொகுப்பில் இடம் பெற்ற வடிவத்தில் மட்டுமே இன்றைய வாசகருக்குத் தெரியும். தொகுப்பாசிரியர் ஏதாவது மாற்றினாரா, ஆசிரியரே திருத்திக் கொடுத்தாரா, அச்சுக்கோத்தவர் கை பட்டதா என்று பார்க்க வேண்டுமானால் நூலகத்தில் பழைய தாளைத் தேட வேண்டும். தாள் கிடைக்காவிட்டால் கடைசியாக ஏறியதே முதலும் முடிவும். அதன்மேல் விமர்சனம் எழுதுகிறோம், ஆய்வேடு எழுதுகிறோம், ‘இவர் நடையில் வட்டார வாசம் குறைவு’ என்றுகூடத் தீர்ப்புச் சொல்கிறோம். அந்த வாசத்தைத் துடைத்தது யார் என்று தெரியாமல்.

இப்போது மாட் உலகமும் இந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ‘வாபாஜாக்’, ‘கலெக்‌ஷன்’ என்று வந்த பிறகு, வேறொருவர் தேர்ந்தெடுத்து அடுக்கி வைத்த நூற்றுக்கணக்கான மாட்களை அவர் வரிசையோடு அப்படியே இறக்கிக்கொள்ளலாம். லோ யாட்டில் கணினி வாங்கி வந்த அன்று இரவே ஆட்டம் தயார். சௌகரியம்தான். ஆனால் அந்த அடுக்கில் யார் யாரிடம் தோற்றார்கள் என்று விளையாடுகிறவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நினைக்கவும் மாட்டார். நல்ல பட்டியல்காரர்கள் மட்டும் எதை எதனால் எடுத்தேன், எங்கே பேட்ச் போட்டேன் என்று நீளமான குறிப்பு எழுதி வைக்கிறார்கள். படிப்பவர் குறைவு. இருந்தாலும் எழுதுகிறார்கள்.

நம் தொகுப்புகளிடம் கேட்பதும் அந்தக் குறிப்பைத்தான். ஒவ்வொரு கதையின் கீழும் இரண்டு வரி போதும். எந்த இதழில், எந்தத் தேதியில் வந்தது. இந்தப் பதிப்பில் என்ன மாறியது, யார் மாற்றியது. ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் எழுதலாம். பழைய தாளைப் படம் எடுத்து எங்காவது வைத்தால் இன்னும் நல்லது. அது இருந்தால், 20 ஆண்டு கழித்து ஒரு வாசகி வேறொரு வரிசையில் ஏற்றிப் பார்க்க முடியும். இல்லாவிட்டால் அவள் கையில் கிடைக்கப் போவது சாம்பல் முகம் மட்டும். அதுவே அசல் முகம் என்று அவள் நம்புவாள், ஏனென்றால் வேறொன்றை அவள் பார்த்திருக்க மாட்டாள்.